நூல் பிடித்த பிரபஞ்சம்: மயன் கோட்பாட்டை வாசிப்பது குறித்து

1

பிரபஞ்சம் முழுக்க ஒரே வடிவத்தின் பெருக்கம் என்கிறது ஒரு கோட்பாடு. அந்த வடிவம் சதுரம், முப்பரிமாணத்தில் கனசதுரம். வெளி என்பது வெறுமை இல்லை, ஒளியாகவும் ஒலியாகவும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்வு எட்டுக்கு எட்டு என்று தன்னைத்தானே பகுத்துக்கொண்டு 64 கட்டமாகிறது. கல், மரம், உடம்பு, பாட்டு, ஆட்டம், கோவில் எல்லாம் இந்த ஒரே ஒழுங்கிலிருந்து பிறக்கின்றன. சிதம்பரத்துச் சிற்றம்பலம் இந்த நுண்கூட்டின் பெயர்தான். இதைக் கண்டவன் மயன், அவன் தமிழன், அவன் நூல் ஐந்திறம்.

சொன்னவர் வை. கணபதி ஸ்தபதி (1927-2011). பிள்ளையார்பட்டிச் சிற்பிக் குடும்பத்தில் பிறந்தவர். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்கு அவருடைய தந்தைக்குப் பின் நீண்ட காலம் முதல்வராக இருந்தவர். சென்னை வள்ளுவர் கோட்டமும் குமரிமுனை வள்ளுவர் சிலையும் அவர் பெயரோடு சேர்ந்தவை.

இந்தக் கோட்பாட்டுக்கு நம்மிடையே இரண்டு எதிர்வினைகள்தான் உண்டு. பகுத்தறிவாளர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். தமிழ்ப் பெருமிதக்காரர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேரும் வாசிப்பதில்லை. நான் இதை ஒரு பிரதியாக வாசிக்க விரும்புகிறேன். காரணம், இதே ஆசை உலகத்தின் வேறு இடங்களிலும் வேறு சொற்களில் நடமாடுகிறது. ஜெர்மானியரான கொன்ராட் சூசே பிரபஞ்சமே கணக்கிடும் ஒரு வெளி என்று 1969இல் எழுதினார். அமெரிக்க இயற்பியலாளர் ஜான் வீலர், பொருள் என்று நாம் சொல்வதெல்லாம் கடைசியில் ஆம்-இல்லை என்ற விடைகளிலிருந்து, அதாவது தகவலிலிருந்து பிறப்பது என்று 1989இல் வாதிட்டார். ஸ்தபதி தகவல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசவில்லை. ஆனால் வடிவத்துக்குள்ளே ஒரு ஒழுங்கு எழுதப்பட்டிருக்கிறது, அதைப் படித்துத்தான் உலகம் உருவாகிறது என்று அவர் சொல்லும்போது வேறெதைச் சொல்கிறார்?

தகவல் என்ற சொல்லுக்குக் கணக்கு முறையில் இலக்கணம் வகுத்தவர் கிளாட் ஷானன், 1948இல். அனுப்புகிறவர், பெறுகிறவர், இருவருக்கும் பொதுவான குறியீட்டு விதி - இந்த மூன்றும் அங்கே அடிப்படை. ஆகவே வடிவத்துக்குள் தகவல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டியது: என்ன தகவல்? யார் போட்ட விதி? யார் படிப்பதற்காக?

2

முதலில் நூற்பெயர். தமிழ் படித்தவன் என்ற முறையில் இங்கிருந்துதான் நான் தொடங்க முடியும்.

தொல்காப்பியப் பாயிரம் தொல்காப்பியரை ஐந்திரம் அறிந்தவராகச் சொல்கிறது. இடையின ரகரம். இந்திரன் பெயரால் வழங்கிய ஓர் இலக்கண மரபு அது என்பது பரவலான கொள்கை. பர்னெல் 1875இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஸ்தபதி அதை வல்லின றகரமாக, ஐந்து திறம் என்று வாசிக்கிறார். அந்த ஒரு எழுத்து மாற்றத்தில் இந்திரன் மறைந்து மயன் வருகிறான். வடமொழி இலக்கணம் போய்த் தமிழ் அறிவியல் வந்துவிடுகிறது. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் கையில் ர, ற மாறுவது உண்டுதான். ஆனால் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் இதே நூலைத் தேவர் தலைவனுடைய நூலாகவே பேசுகிறான். அங்கே எழுத்துக் குழப்பத்துக்கு இடமே இல்லை. மயன் பெயரிலான ஐந்திறம் 1986இல் அச்சில் வந்தது. வெளியிட்டது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். இளம்பூரணரோ நச்சினார்க்கினியரோ அதிலிருந்து ஒரு சூத்திரத்தை எடுத்துக் காட்டியதில்லை. மொழிவரலாற்றுக் கேள்விகள் நிறைய எழும் ஒரு பிரதி தொழில்நுட்பத்தின் வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

இதோடு கதையை முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முடிக்க முடியாது. ஏனென்றால் இதே சொல்லை வேறொருவரும் உடைத்திருக்கிறார். அயோத்திதாசர் (1845-1914). ஐம்புலனை வென்றவர் ஐந்திரர், ஐந்திரரே இந்திரர், இந்திரர் என்பது புத்தர், இது இந்திரர் தேசம் என்று அவர் எழுதினார். மொழியியல் படித்தவர்கள் இதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அயோத்திதாசரை நாம் விடாமல் வாசிக்கிறோம். அப்படியானால் ஒரு சொல்லுடைப்பை ஏற்பதற்கும் மற்றதைச் சந்தேகிப்பதற்கும் நம்மிடம் என்ன அளவுகோல் இருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே மேலே போகலாம்.

3

எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது?

சிற்ப நூல்களின் அளவு முறை அழகானது. எட்டு பரமாணு ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு மயிர்நுனி. பிறகு ஈர், பேன், நெல் என்று எட்டு எட்டாக ஏறி, எட்டு நெல் ஒரு அங்குலம். ஆறு படி, 8ஐ ஆறு முறை பெருக்கினால் 2,62,144. ஓர் அங்குலத்துக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் பரமாணு. தேர்த் தூசியும் தலைப் பேனும் அளவுகோலாக வரும் இந்த இடத்தில் நான் பார்ப்பது வேலை செய்கிற உடம்பின் உலகத்தை.

ராஜபாளையத்தில் எந்தக் கம்பிக் கடையிலும் போய்க் கேளுங்கள். நாலு நூல் கம்பி என்றால் அரை அங்குலக் கம்பி. ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். தச்சரும் கொத்தனாரும் இன்னைக்கும் இப்படித்தான் பேசுகிறார்கள். ஏன் எட்டு? ஒரு கயிறை எடுத்து மடியுங்கள். ஒரு மடிப்பு - இரண்டு பாகம். இரண்டு மடிப்பு - நாலு. மூன்று மடிப்பு - எட்டு. அளவுகோல் இல்லாமல், எழுத்தறிவு இல்லாமல், பிழை வராமல் ஒரு கயிறைச் சமமாகப் பங்கிட இதைவிட எளிய வழி இல்லை. ஐந்தாகவோ ஏழாகவோ மடித்துப் பாருங்கள், தெரியும். எட்டு என்பது கையும் கயிறும் சேர்ந்து கண்டுபிடித்த வசதி என்பது என் வாசிப்பு.

தமிழில் நூல் என்ற சொல்லுக்குள்ளேயே இந்த வரலாறு கிடக்கிறது. நூல் என்றால் இழை. நூல் என்றால் எட்டில் ஒரு பங்கு. நூல் என்றால் புத்தகம். மார்பில் போட்டால் அது பூணூல். வடமொழிச் சூத்திரத்துக்கும் கயிறு, சூத்திரம் என்ற இரண்டு பொருள் உண்டு. கட்டடப் பணியில் ஸ்தபதிக்கு அடுத்தவனுக்குச் சூத்திரக்கிராகி என்று பெயர், நூல் பிடிக்கிறவன். நூல் பிடித்துக் கட்டிய அனுபவம் நூலாகி, பிறகு மறையாகி, கடைசியில் பிரபஞ்சத்தின் விதியாகிறது. ரோலான் பார்த் தொன்மம் பற்றி 1957இல் எழுதியதன் சாரம் இதுதான்: மனிதர் செய்த ஒன்று இயற்கையாகத் தோற்றம் காட்டுகிறது, செய்தவர் காணாமல் போகிறார்.

சரி, விதி இயற்கையாகிவிட்டது. அதற்குள் எழுதப்பட்ட தகவல் என்ன?

மயன் பெயரில் நமக்குக் கிடைக்கிற பழைய நூல் வடமொழியில் உள்ள மயமதம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காக புருனோ டாகென்ஸ் பதிப்பித்து மொழிபெயர்த்தது. அதில் மனை இலக்கணம் இப்படிப் போகிறது. பிராமணனுக்கு மனை சதுரம், மண் வெள்ளை. அரசனுக்கு நீளம் அகலத்தைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல், மண் சிவப்பு. வைசியனுக்கு ஆறில் ஒரு பங்கு கூடுதல், மஞ்சள். சூத்திரனுக்கு நாலில் ஒரு பங்கு, கறுப்பு. சண்டாளர் குடியிருப்பு ஊருக்கு வெளியே, தூரத்தில். 1:1, 9:8, 7:6, 5:4 - இவைதான் மாறிலிகள். பிரபஞ்சத்தின் மூலவடிவம் சதுரம் என்று ஸ்தபதி சொல்லும்போது அந்தச் சதுரம் யாருடைய மனை என்பதை அவர் கோட்பாடு சொல்வதில்லை.

சிலையிலும் இப்படித்தான். உத்தம தசதாளம் 124 பங்கு, சிவனுக்கும் திருமாலுக்கும். மத்திம தசதாளம் 120, தேவியர்க்கு. அளவு என்பது அழகுக்கான விகிதம் மட்டும் இல்லை, யார் யாருக்கு எத்தனை பங்கு மட்டு என்பதும் அதில் உண்டு. வடிவத்துக்குள் இருக்கும் தகவல்களில் ஒன்று அந்தஸ்து.

ஆயாதிக் கணக்கில் யோனி பார்ப்பது இன்னும் வெளிப்படை. அளவை 3ஆல் பெருக்கி 8ஆல் வகுத்து மிச்சம் பார்க்க வேண்டும். மிச்சம் 1 கொடி, 3 சிங்கம், 5 காளை, 7 யானை, இவை நல்லவை. 2 புகை, 4 நாய், 6 கழுதை, மிச்சம் இல்லாமல் போனால் காகம், இவை ஆகாதவை. 21 முழம் என்றால் யானை, 20 முழம் என்றால் நாய். வகுத்தல் கணக்குக்கு நாய் தெரியாது. வகுத்தவனுக்குத் தெரியும். நல்ல வரிசையில் இருப்பவை அரண்மனையும் கோவிலும் கொண்டாடுகிறவை. ஆகாத வரிசையில் நாயும் கழுதையும். மனுநூல் பத்தாம் அத்தியாயம் சண்டாளரின் சொத்து என்று சொல்வது இந்த இரண்டையும்தான். நாய்க்குப் பேர்போன ஊர்க்காரன் நான். எங்க ஊர்ல நாய் மிச்சம் வந்தா என்ன கெட்டுப்போகும்?

4

இத்தனையும் சொன்ன பிறகு, ஸ்தபதியை வருணாசிரமத்தின் பிரதிநிதி என்று முத்திரை குத்திவிட்டுப் போவது எளிது. அது தப்பான வாசிப்பு. இந்தக் கோட்பாடு ஏன் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும்.

கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் என்ற ஐந்தொழிலாளரான கம்மாளர் தங்கள் சடங்கைத் தாங்களே செய்துகொள்ளும் உரிமைக்காக நீதிமன்றம் ஏறியவர்கள். 1818இல் சித்தூர் ஜில்லா அதாலத்தில் அவர்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை விசுவகர்மச் சமூகத்தவர் திரும்பத் திரும்ப அச்சிட்டு வந்திருக்கிறார்கள். பிராமணப் புரோகிதனுக்குக் கீழே நிற்க மறுத்த மரபு இது. வேதம் உங்களுடையது என்றால் எங்களுக்கும் ஒரு வேதம் உண்டு, அது உங்களுடையதற்கும் முந்தியது, தமிழில் இருக்கிறது, அதைச் சொன்னவன் கைவினைஞன் என்று ஸ்தபதி சொல்லும்போது பேசுவது இந்த மரபின் குரல்.

அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி. அதை எழுப்பியது யார் என்றால் பெரியாழ்வார் பேரைச் சொல்வார்கள், பாண்டியன் பேரைச் சொல்வார்கள். கல் ஏற்றின கை எது, சுதை பூசின கை எதுன்னு கேட்டா பதில் கிடையாது. தஞ்சையில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று ஒரு பெயர் கல்வெட்டில் தப்பிப் பிழைத்தது அபூர்வம். கோவிலைக் கட்டுகிறவரை ஸ்தபதி, குடமுழுக்கு ஆனதும் அவர் கருவறைக்கு வெளியே. கல்லில் கண் திறந்தவனுக்கு அந்தக் கல்லைத் தொட உரிமை இல்லை. இப்படி ஒரு சமூகத்தில் கைத்திறன் மரியாதை கேட்டால் என்ன ஆகும்? கையாக மட்டும் நின்று கேட்டால் கிடைக்காது. மறையாக வேடம் போட்டால்தான் கிடைக்கும். ஐந்திறம் அந்த வேடம் என்றே நான் வாசிக்கிறேன்.

வேடத்துக்கு விலை உண்டு. கை மறையானபோது கை மறைந்துவிட்டது. கயிறை மடித்த விரல், பேனையும் ஈரையும் அளவாக வைத்த நகைச்சுவை, தவறிப் போன கல்லை என்ன செய்வது என்ற பட்டறை அறிவு - இவை போய், அதிரும் பரவெளி மட்டும் மிஞ்சுகிறது. ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ (1978) கைக்கும் கண்ணுக்கும் நெருக்கமான நூல். பிற்காலத்துப் பிரபஞ்சக் கோட்பாட்டைவிட அந்த நூலையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவருடைய மிகப் பெரிய வேலையே இதற்குச் சாட்சி. குமரிமுனை வள்ளுவர் சிலை, 1.1.2000 அன்று திறந்தது. மொத்தம் 133 அடி. குறளின் அதிகாரம் 133. பீடம் 38 அடி; அறத்துப்பால் அதிகாரம் 38. சிலை 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்தால் 95. வடிவத்துக்குள் தகவலை எழுதுவது என்றால் இதுதான். ஆனால் எந்த அளவில் எழுதினார்? மயனின் அங்குலத்தில் இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த அடியில். பார்க்க வருகிற எல்லாருக்கும் அடி தெரியும் என்பதால் அது வேலை செய்கிறது. விதியைப் போட்டவர்கள் மனிதர்கள், படிப்பவர்களும் மனிதர்கள், நடுவில் ஒரு ஒப்பந்தம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை அடுக்கிய அந்தச் சிலை 2004 சுனாமியிலும் நின்றது. நிறுத்தியது பொறியியலும் கல்தச்சர்களின் உழைப்பும்.

5

எண்ணும் வடிவமும் பிரபஞ்சத்தின் சாவி என்று நம்பியது தமிழன் மட்டும் இல்லை. ஆகவே எது அறிவு, எது நம்பிக்கை என்று பிரிக்க மேற்கு-கிழக்கு என்ற கோடு உதவாது.

கெப்ளர் 1596இல் ஐந்து சீர்த் திண்ம வடிவங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கோள்களின் தூரத்தை விளக்கினார். கடைசிவரை அந்த அழகின் மேல் அவருக்குக் காதல். ஆனால் செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துக் கணக்குப் போட்டபோது டைக்கோ பிராகியின் அளவீட்டோடு 8 கலை இடித்தது. ஒரு பாகையில் அறுபதில் எட்டுப் பங்கு. அந்த எட்டை அவர் அலட்சியம் செய்யவில்லை. இரண்டாயிரம் வருட வட்டத்தைக் கைவிட்டார். 1609இல் நீள்வட்டம் வந்தது.

எதிர் உதாரணம் எடிங்டன். ஒளிக்கும் மின்னூட்டத்துக்கும் இடையிலான ஒரு மாறிலியின் தலைகீழ் மதிப்பு 136 என்று தூய சிந்தனையாலேயே நிறுவினார். சோதனையில் 137க்கு அருகே வந்ததும், ஒன்றைக் கூட்டிக்கொள்ளக் காரணம் கண்டுபிடித்தார். ஒன்று கூட்டும் எடிங்டன் என்று ஆங்கிலப் பத்திரிகை கேலி செய்தது. இன்றைய அளவீடு 137.036, முழு எண்ணே இல்லை. இதே எடிங்டன்தான் 1935 ஜனவரியில் லண்டனில் நம் சந்திரசேகரின் விண்மீன் நிறை எல்லையைக் கூட்டத்தின் முன்னால் நையாண்டி செய்தவர். இயற்கை அப்படி அசிங்கமாக நடந்துகொள்ளாது என்ற நம்பிக்கை அவருக்கு. சந்திரசேகருக்கு நோபல் வர 1983 ஆயிற்று. அதிகாரத்தில் இருப்பவரின் அழகுணர்ச்சி எப்படி இயற்கையின் விதியாக வேடமிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்தபதி 1995இல் மத்திய அமெரிக்காவுக்குப் போய் மாயா பிரமிடுகளைப் பார்த்தார். மயனும் மாயாவும் ஒன்று, அளவு முறையும் ஒன்று என்றார். மாயா மக்களின் எண் முறை 20ஐ அடியாகக் கொண்டது. அவர்களுடைய சடங்கு நாட்காட்டி 13ஐ 20ஆல் பெருக்கிய 260 நாள். எட்டு அங்கே ஆளவில்லை. கெப்ளருக்கு இடித்த எட்டு வட்டத்தை உடைத்தது. இங்கே எட்டு இடிக்கிற இடத்தில் கோட்பாட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. எதனாலும் உடையாத கோட்பாடு எதையும் சொல்வதும் இல்லை. இந்த விதி வீலருக்கும் பொருந்தும், நாளைக்கு வரப்போகும் எந்தத் தகவல் பிரபஞ்சத்துக்கும் பொருந்தும்.

6

காரணம் சொல்லக்கூடிய ஒரு வடிவியல் மாறிலியைப் பார்க்க நாங்கள் வெகுதூரம் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. காட்டழகர் கோவிலுக்குப் போகிற பாதை, பளியர் குடியிருப்பு. மலைத்தேன் பளியர்களின் பழைய தொழில். தேனடையின் அறை ஆறு பக்கம். ஏன் ஆறு? ஒரே பரப்புள்ள அறைகளால் ஒரு தளத்தை நிரப்ப வேண்டும், சுவருக்கு ஆகும் மெழுகு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றால் சீரான அறுகோணம்தான் விடை. ரொம்ப காலமாக எல்லாரும் ஊகித்த இதை 1999இல் தாமஸ் ஹேல்ஸ் கணிதமாக நிறுவினார். பொய்யாகக்கூடிய ஒரு கூற்று, நிரூபணமாகி நின்றது. இதில் பிராமணனுக்கு ஒரு கோணம், சூத்திரனுக்கு ஒரு கோணம் கிடையாது.

காட்டுக்கொடியைப் பிடித்துப் பாறையில் இறங்கி, புகை போட்டு, எவ்வளவு எடுக்கணும் எவ்வளவு விடணும் என்று தெரிந்து தேன் எடுக்கிறவருக்கு இருப்பது அறிவு இல்லையா? ஆயாதிக் கணக்கில் ஆகாது என்று தள்ளிய அந்தப் புகைதான் இவருக்குத் தேன் தருகிறது. ஆனால் அவர் அறிவை யாரும் நூல் என்று சொல்ல மாட்டார்கள். அவருக்கு மயன் இல்லை, ஓலைச்சுவடி இல்லை, அச்சிட்டுத் தர ஒரு இயக்ககம் இல்லை. எதிர்-அறிவு என்று நாம் கொண்டாடுவதெல்லாம் ஏட்டில் ஏறியதாகவே இருந்தால், ஏடு இல்லாதவர்கள் எதிர்ப்பிலும் இடமில்லாமல் போகிறார்கள்.

இந்தக் காட்டிலும் கட்டம் விழுந்திருக்கிறது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் ஐந்தாவது. காப்பகம் என்றால் வரைபடத்தில் மையப்பகுதி, அதைச் சுற்றி இடைப்பகுதி என்று கோடு. தேன் முதலான சிறு வனமகசூலைச் சேகரிக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிக்குத் தருகிறது; அந்த உரிமை நடைமுறையில் எந்தக் கோட்டில் நிற்கும் என்பதுதான் அன்றாடச் சண்டை. புலியும் அணிலும் பிழைக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்வது, இந்தக் கோடு பிரபஞ்சத்தின் அதிர்விலிருந்து வரவில்லை என்பதை. மனிதர் போட்ட கோடு என்று தெரிந்தால் உட்கார்ந்து பேசலாம், மாற்றலாம். மனையின் 9:8 மாதிரி இயற்கை என்று ஆகிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது விட்டுவைத்த கேள்விக்கு வரலாம். அயோத்திதாசரின் ஐந்திரர், ஸ்தபதியின் ஐந்திறம். இரண்டும் சொல்லை உடைத்தவைதான். அயோத்திதாசர் உடைத்த இடத்திலிருந்து மனிதர்கள் வெளியே வருகிறார்கள்: தோற்றவர் யார், தோற்கடித்தவர் யார், எந்த விகாரை எந்தக் கோவிலானது, எந்தப் பெயர் எப்போது இழிபெயரானது. அவர் சொன்ன விடைகளை ஒவ்வொன்றாக மறுக்கலாம்; அந்த மறுப்புக்கு ஆதாரம் தேட நாம் வரலாற்றுக்குள்தான் போயாக வேண்டும். ஸ்தபதி உடைத்த இடத்தில் மனிதர்கள் உள்ளே போய் மறைந்துவிடுகிறார்கள். கம்மாளரின் இருநூறு வருடப் போராட்டம்கூட அங்கே ஓர் அதிர்வாகக் கரைந்துவிடுகிறது. எதிர்-அறிவு என்று எது நம் முன் வந்தாலும் அதன் சொற்பிறப்பு சரியா என்று கேளுங்கள், கணக்கு உடையுமா என்று கேளுங்கள். கூடவே, அதைப் படித்து முடித்ததும் நம் கண்ணுக்குத் தெரிகிற மனிதர்கள் கூடியிருக்கிறார்களா குறைந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

வாஸ்துப்படி அமைந்த மனை என்று ராஜபாளையம் சாலையோரம் பலகை நட்டு விற்பவர்களுக்கு மயனைப் பற்றிய கவலை எதுவும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது எட்டாம் எண்ணின் மந்திரம் மட்டும். அதைத் தந்த சிற்பிக் குடும்பங்களுக்கு அந்த விலையில் பங்கு போவதில்லை. பிரபஞ்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நூல் பிடித்த கைக்குப் பெயரும் கூலியும் கருவறைக்குள் போகிற வழியும் கிடைக்கும் காலத்தில் அந்தக் கைக்கு ஒரு வேதம் தேவைப்படாது.